கணக்கு யார் கையில்?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசியாவின் பல நாடுகளில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இது. ஜனவரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகள் அந்த மாதத்தில் தங்குமிடங்களில் நிலைகொண்டிருக்கும். இடம்விட்டு இடம் அலைவது குறைவு. ஒரே பறவையை இரண்டு ஊர்களில் எண்ணிவிடும் பிழையும் குறையும். எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் கூலி வாங்காத தன்னார்வலர்கள். இலங்கையில் இந்தப் பணிக்கு மன்னாரைப் போல முக்கியமான கரை வேறு அதிகம் இல்லை. பெருநிலத்திலிருந்து மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதியை அண்டி விரியும் சேற்றுவெளியும் உவர்க்களப்பும் சேர்ந்த வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. 4,800 ஹெக்டேயருக்கும் கூடுதலான அந்த நிலம் 2010இல் உலக முக்கியத்துவம் உடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மத்திய ஆசிய வலசைப் பாதையில் தெற்கே வரும் பறவைகளுக்கு இலங்கை கடைசித் தரை. அதற்கப்பால் அந்தாட்டிக்கா வரை கடல்தான். அந்தக் கடைசித் தரையின் வாசல் மன்னார். பருவத்துக்கு வந்து எண்ணிவிட்டுப் போகிறவர்களின் வேலையைச் சேவை என்று பாராட்டி நாம் மறந்துவிடுகிறோம். அது ஒரு சாட்சியம் என்பதே என் வாதம். சாட்சியம் என்றால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. தகராறு வருவதற்கு முன்பே அது பதிவாகியிருக்க வேண்டும். ஆண்டு தவறாமல் தொடர வேண்டும். யாருடைய வாழ்வு அந்தக் கரையில் இருக்கிறதோ அவர்களின் கையில் அது இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையைத்தான் நாம் இன்னும் நிறைவேற்றவில்லை.

எண்ணும் வேலையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தி வெயில் ஏறுமுன் தொடங்கிவிட வேண்டும். ஒன்பது, பத்து மணியானால் சேற்றின் மேல் கானல் எழுந்து பறவைகளின் கால்களை மறைத்துவிடும். காலின் நிறமும் நீளமும்தான் பல உள்ளான்களை இனம் பிரித்துக் காட்டுபவை. கால் தெரியாவிட்டால் பெயர் சொல்வது கடினம். பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்குள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள், பிறகு நூறு, பிறகு அந்த நூறைக் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திரும்பத் திரும்பப் பொருத்திக்கொண்டு போகிறார்கள். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுகிறார். பாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு பருந்து தாழப் பறந்தால் ஊசிவால் வாத்துகள் அத்தனையும் ஒன்றாக எழும்பிவிடும்; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மன்னார்க் கடலில் வற்றுப்பெருக்கு சிறியது. எந்தச் சேறு எப்போது வெளித் தெரியும் என்பதைக் காற்றும் மழையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. வாடைக்காற்று எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளும், நல்ல மழைக்குப் பிறகு எந்தப் பள்ளம் எத்தனை நாள் நிறைந்திருக்கும் என்று அறிந்தவர் குழுவில் இல்லாவிட்டால், பறவை இல்லாத இடத்தில் நின்றுகொண்டு பறவை இல்லை என்று எழுதிவிட்டுப் போக நேரும். அந்த அறிவு அங்கே தொழில் செய்யும் கடற்றொழிலாளியிடம் இருக்கிறது. தொலைநோக்கி வெளியிலிருந்து வரலாம். எங்கே நின்று பார்ப்பது என்ற அறிவு ஊருக்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

ஓர் ஆண்டின் எண்ணிக்கை மட்டும் எதையும் நிறுவாது. பூநாரைகளை எடுத்துக்கொள்வோம். தண்ணீரின் ஆழமும் உப்பும் ஒத்துவந்தால் அவை பெருங்கூட்டமாக வந்து நிற்கும். மழை மிஞ்சி நீர் ஆழப்பட்டால் வேறு களப்புக்குப் போய்விடும். ஆகவே ஒரு ஜனவரியில் பூநாரை குறைந்திருந்தால் இடம் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. நிறைந்திருந்தால் எல்லாம் நலம் என்றும் சொல்ல முடியாது. காய்ச்சல்காரரின் உடம்புச் சூட்டை ஒரு தடவை பார்த்து நோயின் போக்கை அறிய முடியாததைப் போன்றது இது. ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்கள் இதை உணர்ந்து எழுதப்பட்டவை. ஓர் ஈரநிலம் ஒழுங்காக 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்கினால், அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதத்தை ஒழுங்காகத் தாங்கினால், அது உலக முக்கியத்துவம் உடையது. ஒழுங்காக என்றால் என்ன என்பதையும் உடன்படிக்கை வரையறுத்திருக்கிறது: போதிய தரவு உள்ள பருவங்களில் மூன்றில் இரண்டு பங்கில் அந்தத் தொகை எட்டப்பட வேண்டும், பருவங்கள் மூன்றுக்குக் குறையக் கூடாது, அல்லது குறைந்தது 5 ஆண்டுகளின் உச்ச எண்ணிக்கைகளின் சராசரி அந்த அளவை எட்ட வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன குழுவினர் மன்னாரில் பிடித்து ஜிபிஎஸ் கருவி பொருத்திய கடற்காகம் ருஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை போய்த் திரும்பியதை நாம் வியந்து படித்தோம். அந்தக் கருவி ஒரு பறவையின் வழியைச் சொல்லும். எத்தனை பறவைகள் அந்த வழியை நம்பி வாழ்கின்றன, அவை கூடுகின்றனவா குறைகின்றனவா என்பதைச் சொல்ல, ஆண்டுதோறும் அதே கரையில் போய் நிற்கும் மனிதர்கள் வேண்டும்.

இந்தச் சாட்சியம் எவ்வளவு அவசரமானது என்பதை மன்னாரின் காற்றாலைகளே காட்டுகின்றன. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளும் 103.5 மெகாவொட் திறனும் கொண்ட தம்பபவனி மின்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன்பின் அதானி நிறுவனம் மன்னாரில் 250 மெகாவொட் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, 1894இல் தொடங்கப்பட்ட வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் உட்படப் பலர் 2024இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வலசைப் பறவைகளின் பாதை அவர்கள் வாதத்தின் மையத்தில் இருந்தது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. மின்சாரத்தின் விலையை அரசு மறுபடி பேச முற்பட்டதே விலகலின் பின்னணி. பறவைகளைப் பற்றிய கேள்வி தீர்ப்பு எதுவும் இல்லாமல் நின்றுபோனது. நின்றுபோன கேள்வி திரும்பி வரும். வந்தது. 2025 ஒகஸ்ட்டில் வேறு காற்றாலைத் திட்டங்களை எதிர்த்தும், கனிய மணல் அகழ்வை எதிர்த்தும் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். காற்றாலை வேலைகள் ஒரு மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. முதல் காற்றாலைகளுக்குப் பாதை போட்ட பிறகு மழைநீர் வடியவில்லை என்று ஊர் சொல்கிறது. கரையோரத்தில் மீன்பாடு குறைந்துவிட்டது என்று கடற்றொழிலாளர் சொல்கிறார்கள். இவை உண்மையா என்று எவரும் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் பதில் சொல்ல, காற்றாலைக்கு முந்திய ஆண்டுகளில் எந்த ஒழுங்கையில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எந்த வலைக்கு எவ்வளவு மீன் பட்டது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்த பிறகு பொதுமக்கள் கருத்துச் சொல்லக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு மாதத்தில் கோபத்தைத் திரட்டலாம், கையெழுத்துத் திரட்டலாம். பத்து ஆண்டுக் கணக்கைத் திரட்ட முடியாது.

முன்கூட்டியே எழுதிய கணக்கு என்ன செய்யும் என்பதற்கு வங்கக் கரையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள் ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் இரவுதோறும் கடற்கரையில் நடக்கிறார்கள். முட்டைகளைப் பாதுகாப்பான குஞ்சு பொரிப்பகத்துக்கு மாற்றுவதும், பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுவதும்தான் வெளியே தெரியும் வேலை. தெரியாத இன்னொரு வேலையும் அதோடு நடந்தது: எந்தக் கரையில் எத்தனை கூடு, எத்தனை ஆமை செத்து ஒதுங்கியது என்று பருவம் தவறாமல் குறித்தார்கள். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கியபோது, இது ஆண்டுதோறும் நடப்பதுதான் என்று எவராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஆண்டுதோறும் நடப்பது எவ்வளவு என்ற கணக்கு கையில் இருந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. கரையை ஒட்டி இழுவைப்படகுகள் தொழில் செய்வதன் மீதான கண்காணிப்பு இறுகியது. குஞ்சுகளைக் கடலில் விட்ட கைகள் செய்த நன்மை பெரிது. ஆனால் இழுவைப்படகைக் கேள்வி கேட்டது அந்தக் கைகள் எழுதிய குறிப்பேடு.

தன்னார்வலர்களின் கணக்கு துல்லியமற்றது, அறிவியலுக்கு ஆகாது என்பது முதல் மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஐயாயிரம் வாத்துகளை ஒருவர் நாலாயிரம் என்பார், இன்னொருவர் ஆறாயிரம் என்பார். உள்ளான்களில் இனம் மாறிப்போகும். ஆனால் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒரே முறையில் எடுக்கப்படும் கணக்கில் இந்தப் பிழைகள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி அமையும். மொத்தத் தொகை பிசகினாலும் ஏற்றமும் இறக்கமும் தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1900இல் தொடங்கிய கிறிஸ்மஸ் பறவைக் கணக்கெடுப்பு இன்றுவரை தன்னார்வலர்களால் நடக்கிறது. 1970க்குப் பின் வட அமெரிக்கா ஏறக்குறைய 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019இல் வெளியான ஆய்வு, பெருமளவுக்கு இத்தகைய தன்னார்வக் கணக்குகளின் மேல்தான் நின்றது. அந்த இழப்பை எந்த ஒரு நிபுணரின் கண்ணும் தனியாகக் கண்டிருக்க முடியாது. ஆகவே மறுப்பு சொல்ல வேண்டியது, தன்னார்வலர் எண்ணக் கூடாது என்பதை அல்ல. அவர்களைப் பழக்க வேண்டும், முறையை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், பாதியில் விடக்கூடாது என்பதை. போர் நடந்த ஆண்டுகளில் மன்னாரின் பல கரைகளுக்கு எவரும் தாராளமாகப் போய்வர முடியவில்லை. அந்த இடைவெளியை இனி நிரப்ப வழியில்லை. இன்றைய எண்ணிக்கையை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி அந்த வெற்றிடத்தில் போய் முட்டுகிறது. புதிய இடைவெளிகளை உண்டாக்காமல் இருப்பது மட்டுமே நம்மால் முடிந்தது.

அரசு செய்ய வேண்டிய வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டுகிறோம் என்பது இரண்டாவது மறுப்பு. இது நியாயமான கவலை. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் பிளாஸ்ரிக் குருணைகள் அடுத்த சில வாரங்களில் தனுஷ்கோடியிலும் இலங்கையின் வடமேற்குக் கரையிலும் ஒதுங்கின. பருப்பு அளவுகூட இல்லாத அந்தக் குருணைகளை மணலிலிருந்து பிரிக்க அரிதட்டில் போட்டு அரிக்க வேண்டும். ஒரு முழக் கரையைச் சுத்தம் செய்வதற்குள் அடுத்த அலை இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து போட்டுவிடும். இப்படிப்பட்ட வேலைக்கு மாணவர்களை அழைத்து, படம் எடுத்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டால் உண்மையில் பயனடைந்தவர் குப்பையைக் கொட்டியவர்தான். பொறுக்கியது எத்தனை கிலோ, எந்தக் கரையில், எந்தத் தேதியில் என்று எழுதி வைத்தால் நிலைமை மாறும். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் உரிமையாளர் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. சேதத்தை அளந்து காட்ட முடிந்தால்தான் இழப்பீட்டைக் கேட்க முடியும். அரசின் வேலையைச் செய்துகொடுக்கும் தன்னார்வம் அரசைச் சோம்பலாக்கும். அரசு தன் வேலையைச் செய்கிறதா என்று அளக்கும் தன்னார்வம் அதைப் பொறுப்புக்கு உட்படுத்தும். இரண்டும் ஒரே வெயிலில் நடக்கும் வேலைதான், விளைவு வேறு.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. மன்னாரில் இயற்கைப் பாதுகாப்பு என்ற சொல்லோடு எல்லைக்கல்லின் நினைவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், போர் முடிந்து ஊர் திரும்பியபோது, வீடும் தோட்டமும் இருந்த இடங்கள் காடாகியிருந்தன. முசலிப் பிரதேசத்தின் காணிகளையும் உள்ளடக்கி மாவில்லு பேணற்காடு 2017இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் அது தங்கள் பூர்வீக நிலம் என்று போராடினார்கள். காடு அழிகிறதே என்று எழுந்த குரல்களிலும் மெய்யான கவலை இருந்தது. ஆனால் அகதியாய் இருபது ஆண்டுகள் கழித்தவர்களுக்கு, பறவைக்கும் மரத்துக்கும் பேசுகிறவர்கள் தங்களுக்கு எதிராகப் பேசுகிறவர்களாகத் தெரிந்தால் அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அதே மாவட்டத்தில் இதன் மறுபக்கமும் நடந்தது. கண்டலும் கடற்புல்லும் முருகைக்கற்பாறையும் நிறைந்த விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கம் 2016இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 29,000 ஹெக்டேயருக்கும் மேல். 2024 மே மாதம் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக அதில் 168 ஹெக்டேயரை விடுவித்து வர்த்தமானி வந்தது; சூழல் அமைப்புகள் வழக்குத் தொடர, உயர் நீதிமன்றம் ஜூலையில் அதை இடைநிறுத்தியது. ஊர் மக்களுக்கு நகராத எல்லைக்கல் பண்ணைக்காக நகரும் என்றால், எல்லையைக் காப்பது கல் அல்ல என்பது விளங்குகிறது. இந்த இரண்டு நிகழ்வுகளிலும் அந்த நிலத்தில் வாழ்கிறவர்கள் முடிவைக் கேள்விப்பட்டவர்களாக இருந்தார்கள். முடிவுக்கு வேண்டிய தகவலைத் தந்தவர்களாக இருக்கவில்லை. கணக்கு ஊரின் கையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தன் களப்பில் என்ன இருக்கிறது என்று இருபது ஆண்டுகளாக எழுதி வைத்திருக்கும் ஊரிடம், உங்கள் நிலம் வெறும் தரிசு என்று எந்த முதலீட்டாளரும் சொல்ல முடியாது. உங்களால்தான் இயற்கை அழிகிறது என்று எந்தத் திணைக்களமும் ஆதாரமில்லாமல் சொல்ல முடியாது.

அப்படியானால் நடைமுறையில் செய்ய வேண்டியவை என்ன? கடற்றொழிலாளி ஒருவர் ஒருநாள் எண்ணப் போனால் அவருக்கு ஒருநாள் தொழில் போகிறது. வசதி உள்ளவர் மட்டுமே தன்னார்வலராக முடியும் என்றால், நகரத்தவரின் கணக்காகவே அது என்றும் இருக்கும். படகுக்கான மண்ணெண்ணெய்ச் செலவும் நாட்கூலியும் கொடுப்பது தன்னார்வத்தைக் கெடுத்துவிடாது. பாக்கு நீரிணையின் அக்கரையில் 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவித்த தமிழ்நாட்டில், வலையில் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்கு அரசு பணப்பரிசு தருகிறது. அறுபட்ட வலையின் நட்டத்தை அவர்கள் மேல் சுமத்திவிட்டு நற்பண்பை எதிர்பார்ப்பது முறையல்ல என்ற எண்ணம் அதில் இருக்கிறது. எண்ணும் படிவம் தமிழில் இருக்க வேண்டும். பறவைப் பெயர்கள் கரையில் வழங்கும் பெயர்களோடு பொருத்தப்பட வேண்டும். நிரப்பிய படிவத்தின் ஒரு பிரதி வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் கணக்கெடுப்பை நடத்தும் அமைப்புக்கும் போகட்டும். ஒரு பிரதி கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஊர்ப் பாடசாலையிலும் இருக்கட்டும். ஜனவரி மட்டும் போதாது என்ற குறையும் ஊர்க்காரர் கையில் கணக்கு வந்தால் தானாகவே சரியாகும். ஒக்ரோபரில் பறவைகள் வந்து இறங்குவதையும் ஏப்ரலில் கூட்டம் கூடிப் புறப்படுவதையும் வெளியூரார் பார்ப்பது அரிது. ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில் ஆலாக்கள் முட்டையிடுவது சோளகக் காற்று வீசும் மாதங்களில்; அது ஜனவரிக் கணக்கில் வருவதில்லை. ஆலாக்கள் கடலில் குத்தும் இடத்தைப் பார்த்து மீன் எங்கே மேலெழுந்திருக்கிறது என்று அறியும் தொழிலாளிக்கு அந்த மாதங்களிலும் கடலில்தான் வேலை.

நாடு இருட்டில் கிடந்த 2022ஆம் ஆண்டை எவரும் மறக்கவில்லை. காற்றிலிருந்து எடுக்கும் மின்சாரம் தேவை என்பதும், புவி சூடாவதால் பறவைகளுக்கும் கேடு என்பதும் உண்மை. நான் சொல்லும் கணக்கு காற்றாலைக்கு எதிரான ஆயுதம் அல்ல. எந்த இடத்தில் நிறுவலாம், மின்கம்பிகளை எந்த வழியாகக் கொண்டுபோகலாம், எந்த மாதத்தில் எந்த நேரத்தில் பறவைகள் எவ்வளவு உயரத்தில் கடக்கின்றன, அந்த நேரத்துக்கு விசிறிகளை நிறுத்திவைக்க முடியுமா என்ற கேள்விகள் எல்லாம் கணக்கு இருந்தால் விடை காணக்கூடியவை. கணக்கு இல்லாத இடத்தில் ஒரு பக்கம் திட்டம் வேண்டும் என்று நிற்கும். மறுபக்கம் வேண்டாம் என்று நிற்கும். நடுவில் பொலிஸ் நிற்கும். எண்ணிக்கை மட்டுமே ஒரு கரையைக் காப்பாற்றிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதி வைத்ததைப் படிக்க மறுக்கும் அதிகாரம் எப்போதும் இருக்கும். ஆனால் எழுதி வைக்காததை நீதிமன்றமும் படிக்க முடியாது, அடுத்த தலைமுறையும் படிக்க முடியாது. ஆகவே மன்னாருக்கு இந்தப் பருவத்தில் எண்ணப் போகிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தனியாகப் போகாதீர்கள். ஊர்ப் பிள்ளைகள் இருவரையும், அந்தத் தண்ணீரை அறிந்த தொழிலாளி ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தி, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களிடம் கேட்டு எண்ணுங்கள். நீங்கள் வர முடியாத ஆண்டிலும் வங்காலையில் கணக்கு எழுதப்படும் என்ற நிலை வந்தால், உங்கள் பணி முழுமை பெற்றது என்று பொருள்.